இரண்டு ஜேம்ஸும் ஒரு இஷ்பெலும்

"ரெண்டு மணி நேரம் லேட்டு. பூட்ஸைக் கழட்டி வெளியில வெச்சிட்டு வாங்க. மெஷின் அந்த மூலையில இருக்கு."

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள் இஷ்பெல்.

வாசலில் நின்றவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்புறம் என்ன நினைத்தானோ... குனிந்து பூட்ஸைக் கழற்றினான். தொப்பியிலிருந்து மழை சொட்டியது. இடது கால் உறையில் ஓர் ஓட்டை, அதன் வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கிரெயக்னெஸ் எங்கள் ஊர். மீனவ ஊர். பழைய பள்ளிக்கூடத்து மாடி அறைதான் வம்சாவளிச் சங்கம். எடின்பரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கும் சபைப் பதிவேடுகளுக்கு இங்கே ஃபிலிம் சுருளில் பிரதி உண்டு. ஞானஸ்நானம், கல்யாணம், பழைய சென்சஸ் எல்லாம் பார்க்கலாம். கனடாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வருகிறவர்கள் தங்கள் முன்னோர் பெயரைத் திரையில் பார்த்ததும் மூக்கை உறிஞ்சுவார்கள். சனிக்கிழமைகளில் அவர்களுக்குத் தேநீரும் கைக்குட்டையும் கொடுப்பது இஷ்பெலின் பொறுப்பு. மற்ற நாட்களில் அவளுக்கு மருந்துக் கடையில் வேலை. டாக்டர்கள் கிறுக்குவதையே படித்துப் பழகிய கண்ணுக்கு இருநூறு வருஷத்துக்கு முந்தைய சபை எழுத்தரின் கிறுக்கல் எம்மாத்திரம்? இந்தக் கரையில் பழைய கையெழுத்து படிக்க அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும்... கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

வந்தவன் மூலையில் இருந்த ஃபிலிம் மெஷினைப் பிரித்தான். பத்து நிமிடம் உள்ளே எதையோ துழாவினான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"உள்ள பெல்ட் அறுந்து போச்சு. உங்க தலையில இருக்கறதைக் குடுப்பீங்களா?"

"என்னது?"

"முடியில போட்டிருக்கீங்களே... அந்த ரப்பர். அளவு சரியா இருக்கும்னு தோணுது."

இஷ்பெல் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். சாம்பலும் நீலமும் கலந்த கண்கள்... மழை விட்டும் விடாமலும் இருக்கும்போது எங்கள் கடல் இருக்குமே, அந்த நிறம். முறைக்கத்தான் நினைத்தாள். கை தானாகப் பின்னால் போய் ரப்பரை உருவியது. தாமிரச் செம்மையான கூந்தல் தோளில் சரிந்தது. அவன் ரப்பரை வாங்கிக்கொள்ள மறந்து நின்றான்.

"பெல்ட்டு..." என்று நினைவூட்டினாள்.

"ஆமா... பெல்ட்டு."

மெஷின் ஓடத் தொடங்கிய அதே நேரம் தொலைபேசி மணி அடித்தது. ரிப்பேர்காரர் பேசினார். கார் நின்றுவிட்டதாம், செவ்வாய்க்கிழமைதான் வருவாராம்.

இஷ்பெல் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினாள். காது மடல் வரை சிவந்திருந்தது.

"அப்போ நீங்க யாரு?"

"ஸ்ட்ரூவன் மக்கீ. அபர்தீன் துறைமுகத்துல கப்பல் எஞ்சின் பாக்கறேன். என் அம்மாவோட பாட்டிக்குப் பாட்டியைத் தேடி வந்தேன். வந்ததும் வேலை குடுத்துட்டீங்க."

"முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

"எங்கங்க சொல்ல விட்டீங்க? பூட்ஸைக் கழட்டுன்னீங்க... பயந்துட்டேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பலிக்கவில்லை.

அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்தான். 1862இல் அபர்தீனில் பதிவான கல்யாணச் சான்றிதழ். மணமகள் ஹெலன் ஃப்ளெட், வீட்டு வேலைக்காரி, பிறந்தது கிரெயக்னெஸ். அப்பா ஜேம்ஸ் ஃப்ளெட், மீனவர். அம்மா மார்கரெட் ஸ்லேட்டர்.

"போன குளிர்காலத்துல அம்மா போயிட்டாங்க. அவங்க பெட்டியில இது இருந்துச்சு. ஒருநாள் போய்ப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. நான் கப்பல் கப்பல்னு இருந்துட்டேன்."

குரலில் அழுகை எதுவும் இல்லை. ஆனால் காகிதத்தை அவன் மேஜையில் வைத்த பக்குவத்தைப் பார்த்ததும் இஷ்பெலுக்கு நெஞ்சு இளகியது.

"ஜேம்ஸ் ஃப்ளெட்டா... சுத்தம். உக்காருங்க. நேரம் ஆகும்."

ஆகத்தான் செய்யும். எங்கள் ஊரில் ஃப்ளெட் என்று கூப்பிட்டால் பாதிச் சனம் திரும்பும். மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர் என்று வைப்பது வழக்கம். அதனால் ஒரே தெருவில் ஒன்பது ஜேம்ஸ் ஃப்ளெட். அடையாளத்துக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. நல்ல எழுத்தர் அதையும் பதிவேட்டில் எழுதி வைப்பார், சோம்பேறி விட்டுவிடுவார். 1841 சென்சஸ் எடுக்க எங்கள் தெருவுக்கு வந்தவர் முதல்தரச் சோம்பேறி.

"இதுல இவருக்கும் முப்பத்தஞ்சு வயசு, அவருக்கும் முப்பத்தஞ்சா?" என்று கேட்டான் ஸ்ட்ரூவன்.

"அந்த சென்சஸ்ல பெரியவங்க வயசை அஞ்சு அஞ்சாக் குறைச்சுத்தான் எழுதுவாங்க. முப்பத்தொம்பதும் முப்பத்தஞ்சுதான்."

"நல்ல சர்க்காரா இருந்திருக்கே."

இரண்டாவது சனிக்கிழமை ஹெலன் கிடைத்தாள். 1839, மே மாதம், ஞானஸ்நானம். "ஜேம்ஸ் ஃப்ளெட் டோஸிக்கும் மார்கரெட் ஸ்லேட்டருக்கும் மகள்." டோஸி என்பது பட்டப்பெயர். ஸ்ட்ரூவன் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக இந்த நேரத்தில் கைக்குட்டையை நீட்டும் இஷ்பெல், அன்று நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"டோஸியா? டோஸி எங்க ஆளுங்க. எங்க வம்சமே அவர்கிட்ட இருந்துதான் வருது."

"அப்போ நீங்க எனக்கு என்ன முறை?"

"ஆறு தலைமுறை தள்ளின சொந்தம். கிறிஸ்துமஸ் கார்டு அனுப்பற நெருக்கம்கூட இல்ல."

"நல்லவேளை" என்றான்.

எதற்கு நல்லவேளை என்று அவள் கேட்கவில்லை... ஆனால் வீடு போய்ச் சேரும்வரை அந்த ஒரு சொல் கூடவே வந்தது.

டோஸி சாதாரண ஆள் இல்லை. ஒரு ஆகஸ்ட் புயலில், கரையில் இருந்தவர்கள் எல்லாரும் தடுத்தும் கேட்காமல் படகை இறக்கி, பதினொரு பேரைக் கொண்டுவந்து சேர்த்தவர். இஷ்பெலின் அப்பா ஆர்ச்சி ஃப்ளெட் மீன் சந்தையில் ஏலம் போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் உப்பு கேட்டால் துறைமுகம் வரைக்கும் கேட்கும். முப்பது வருஷமாக டோஸியின் வம்சத்தை அவர் தேடித் தேடி எழுதி வைத்திருந்தார். அக்டோபர் முதல் சனிக்கிழமை படகுத்துறையில் டோஸிக்கு நினைவுக்கல் வைக்க ஊர் முடிவு செய்திருந்தது. வம்சத்தில் மூத்தவர் என்ற முறையில் திரை விலக்கப் போவது ஆர்ச்சி. அதற்கென்றே புதுக் கோட்டு தைத்தாகிவிட்டது. தினமும் ஒருதரம் போட்டுப் பார்த்துக் கழற்றி வைப்பார்.

ஸ்ட்ரூவனைக் கண்டதும் அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நம்ம ரத்தம்டா நீ. இவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லாத குறை தீந்துச்சு."

இஷ்பெலின் முகம் போன போக்கைப் பார்த்து ஸ்ட்ரூவன் தேநீரில் புரையேறி இருமினான்.

ஹெலன் கிடைத்துவிட்டாள் அல்லவா, வந்த வேலை முடிந்தது அல்லவா? அடுத்த சனிக்கிழமையும் வந்தான். ஹெலனின் அண்ணன் தம்பிகளைத் தேட வேண்டுமாம். அதற்கடுத்த சனியும் வந்தான். அறுபது மைல், மழையானாலும். இஷ்பெல் கறை படிந்த வரியை ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்துப் படிக்கும்போது கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

"எப்படிங்க? எனக்கு அது கொசு செத்த மாதிரி இருக்கு. நீங்க அதுல ஒரு கல்யாணமே நடத்திட்டீங்க."

புகழ்ச்சிக்கு மயங்குகிறவள் இல்லை இஷ்பெல். ஆனால் அவன் எதையும் பாதியில் விடாத குணம் அவளுக்குப் பிடித்தது. தொட்ட சுருளைக் கடைசி அங்குலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். வெள்ளிக்கிழமை ராத்திரி தலைக்குக் குளிக்கிற பழக்கமும் அவளுக்கு எப்படியோ வந்துவிட்டது.

பத்தாவது சனிக்கிழமை ஒரு பெரிய கனடாக் குடும்பம் வந்து இஷ்பெலைச் சூழ்ந்துகொண்டது. அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது மூலை காலி. சொல்லாமல் போயிருந்தான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. கைபேசியில் ஒரு வரி மட்டும் வந்தது. "ஹெலன் கிடைச்சாச்சு, போதும். ரொம்ப நன்றி."

போதுமாமே... அவ்வளவுதானா?

பதில் அனுப்பவில்லை அவள். திமிர்தான். ஆனால் மருந்துக் கடையில் இருமல் மருந்து கேட்டவருக்குக் கண் மருந்தை எடுத்துக் கொடுத்தாள். அவரே திருப்பித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் கடையில் அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சங்க அறையை ஒழுங்கு செய்தாள். நினைவுக்கல் நாளுக்கு இன்னும் நான்கு நாள். மெஷினில் ஒரு சுருள் கழற்றப்படாமல் இருந்தது. சபை மூப்பர்களின் கூட்டப் புத்தகம், 1834 முதல் 1846 வரை. பயன்படுத்தியவர் ஏட்டில் கடைசிப் பெயர் எஸ். மக்கீ. விளக்கைப் போட்டாள். திரையில் எழுத்துகள் தலைகீழாக நின்றன.

அந்தப் பக்கங்களை அவளுக்குத் தெரியும். கூட்டக் குறிப்பு முடிகிற இடத்தில் தலைகீழாகச் சில பக்கங்கள் வரும். காகிதம் மிச்சம் பிடிக்க, அந்தக் கால எழுத்தர்கள் புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்தும் எழுதுவார்கள். ஏதோ நிலக்கரிப் பட்டியல் என்று அப்பாவும் அவளும் வருஷக்கணக்காகத் தாண்டிப் போயிருந்தார்கள். ஸ்ட்ரூவன் தாண்டவில்லை போலிருக்கிறது.

குமிழைத் திருகிப் படத்தை நேராக்கினாள். நிலக்கரி இல்லை. அடக்கம் செய்யப்பட்டவர்களின் பட்டியல்.

"1843 மார்ச். வில்லியம், வயது பத்து, ஜேம்ஸ் ஃப்ளெட் டோஸியின் மகன். அம்மை."

இஷ்பெல் மூன்று முறை படித்தாள். நான்காவது முறை எழுத்து கலங்கியது.

அவள் வம்சம் வில்லியம் என்ற மகன் வழியாக வருகிறது. அந்த வில்லியம் கல்யாணம் செய்தது 1854இல். சட்டப்படி பெற்றோர் பெயரைப் பதியத் தொடங்கியது அடுத்த வருஷம், அதனால் அவன் கல்யாணப் பதிவில் அப்பா பெயர் இல்லை. ஏழு வருஷம் கழித்து அவன் கடலில் போனான், உடல் கிடைக்கவில்லை, மரணப் பதிவும் இல்லை. மிஞ்சிய சாட்சி அந்த 1841 சென்சஸ் மட்டும்தான். தெருவில் இரண்டு ஜேம்ஸ் ஃப்ளெட் வீடுகளில் எட்டு வயது வில்லியம் இருந்தான். ஒன்று டோஸி வீடு, இரண்டு வீடு தள்ளி ஷேவி என்ற இன்னொரு ஜேம்ஸ். அப்பா டோஸியைத் தேர்ந்தெடுத்தார். அவளும் சரி என்றாள். டோஸியின் வில்லியம் பத்து வயதில் செத்துப் போயிருந்தால், கல்யாணம் செய்து பிள்ளை பெற்றவன் ஷேவியின் மகன். அப்பா டோஸியின் வம்சம் இல்லை... டோஸியின் வம்சம் இந்த உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவன்தான்.

அவன் இதைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

அன்று மாலையே பஸ் பிடித்தாள். அபர்தீன் துறைமுகத்தில் கிரீஸ் கையோடு வெளியே வந்தவன், அவளைக் கண்டதும் அசையாமல் நின்றான்.

"படிச்சிட்டீங்களா?" என்றான் மெல்ல.

"ஏன் சொல்லல?"

"உங்க அப்பா அந்தக் கல்லைப் பத்திப் பேசறப்போ அவர் முகத்தைப் பாத்திருக்கீங்களா? எனக்கு என்னங்க... டோஸி யாருன்னே ரெண்டு மாசம் முன்னாடி தெரியாது. அவருக்கு முப்பது வருஷம். அவரே விலக்கட்டும்."

"சரி, அவர்கிட்ட சொல்ல வேண்டாம். என்கிட்ட?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அவர்கிட்ட சொல்லாம இருக்க மாட்டீங்க. எழுதியிருக்கறதைத்தான் படிப்பேன்னு எல்லார்கிட்டயும் சொல்றவங்க நீங்க."

"அதுக்காக வராம இருந்துடறதா?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"உங்க எதிர்ல உக்காந்துக்கிட்டு என்னால மறைக்க முடியலங்க."

கோபத்தோடு வந்தவளுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இப்படியும் ஒருத்தன் இருப்பானா... கையில் வந்த பெருமையை இன்னொருத்தருக்கு வலிக்குமே என்று வைத்துவிட்டுப் போகிறவன்? ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

"பெரிய தியாகி. எங்களுக்குப் பிச்சை போட்ட பெருமையில எங்க அப்பா அந்தக் கல்லுக்கு முன்னாடி நிக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பஸ்ஸில் ஏறியபிறகுதான் அழுதாள். சொன்னது அதிகம் என்று அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை ஆர்ச்சி புதுக் கோட்டோடு கண்ணாடி முன் நின்றபோது அந்தப் பக்கத்தின் பிரதியை நீட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். அந்தப் பெரிய குரலைக் காணோம்.

"நான் தாண்டிப் போன பக்கம்தானே இது?"

"நாம ரெண்டு பேரும்தான்ப்பா."

"பையனுக்குத் தெரியுமா?"

நடந்ததைச் சொன்னாள். ஆர்ச்சி எழுந்து படகுத்துறைப் பக்கம் போனார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. முப்பது வருஷத்தை ஒரு வரியில் அடித்துவிட்டோமே என்று இருந்தது இஷ்பெலுக்கு. சும்மா இருக்க முடியாமல் சங்க அறைக்குப் போய் அதே கூட்டப் புத்தகத்தில் ஷேவியைத் தேட ஆரம்பித்தாள்.

தேநீர் நேரத்தில் ஆர்ச்சி அங்கே படியேறி வந்தார்.

"இந்த ஷேவி யாருடீ? திருடனா, குடிகாரனா? எதுவா இருந்தாலும் சொல்லிடு."

இஷ்பெல் படித்தாள். "1836. ஜேம்ஸ் ஃப்ளெட் ஷேவி மூப்பர்கள் முன் ஆஜரானார். ஓய்வுநாளில் ஹாடக் மீன் கூவி விற்றதாகக் குற்றம். வருந்துகிறாரா என்று கேட்டதற்கு, மீன் திங்கள்கிழமை வரைக்கும் காத்திருக்காது என்றார். அவர் குரல் கோவிலுக்குள் பிரசங்கத்தை மூழ்கடித்தது என்று போதகர் சாட்சி சொன்னார்."

ஆர்ச்சி திரையை எட்டிப் பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று இஷ்பெல் பயந்தாள். அவர் சிரித்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பிரசங்கத்தையே மூழ்கடிச்சாரா... அது எங்க ஆளுதான். சந்தேகமே வேண்டாம். அந்தப் பையன் நம்பரைக் குடு."

சனிக்கிழமை படகுத்துறையில் ஊரே கூடியிருந்தது. தூறல். ஆர்ச்சி புதுக் கோட்டிலேயே வந்திருந்தார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"முப்பது வருஷமா நான் தப்பான ஆளுக்குப் பேரனா இருந்திருக்கேன். நான் ஷேவி வீட்டு ஆளு. ஓய்வுநாள்ல மீன் வித்த ஷேவி. கண்டுபிடிச்சது ரெண்டு பேரு. ஒருத்தன் எனக்கு வலிக்கக் கூடாதுன்னு மறைச்சான். ஒருத்தி எனக்கு வலிச்சாலும் பரவாயில்லன்னு சொன்னா. ரெண்டு பேரும் என்னை மதிச்சுத்தான் செஞ்சாங்க. டோஸி வீட்டு ஆளு பின்னாடி ஒளிஞ்சிட்டு நிக்கறான். அபர்தீன்காரரே, ஒரு தரம்... ரெண்டு தரம்..."

மூன்றாம் தரத்துக்குள் ஜனங்கள் ஸ்ட்ரூவனை முன்னே தள்ளிவிட்டார்கள். அவன் ஆர்ச்சியின் கையையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு பேருமாகத்தான் திரையை இழுத்தார்கள். கல்லில் டோஸியின் பெயரும் பதினொரு பேரின் பெயர்களும் மழையில் நனைந்தன. அவன் உதடு அசைவதை இஷ்பெல் பார்த்தாள். அம்மா என்று சொல்லியிருப்பான்.

கூட்டம் மீன் சூப்பைத் தேடி மண்டபத்துக்குள் போனது. அவள் மட்டும் போகவில்லை. பக்கத்தில் அவன் வந்து நின்றான்.

"பஸ்ஸுக்கு நேரமாகலையா உங்களுக்கு?" என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டே.

"இன்னும் கோபமா?"

"பிச்சைன்னு சொன்னேனே... அது தப்பு. உங்க மாதிரி ஒரு ஆளை நான் எந்தப் பதிவேட்டுலயும் படிச்சதில்ல. அதைச் சொல்லத்தான் நிக்கறேன். சொல்லிட்டேன். போகலாம்."

அவள் நகரவில்லை. அவனும்தான்.

"இஷ்பெல்... நான் பத்து சனிக்கிழமை வந்தேன். ஹெலன் ரெண்டாவது சனிக்கிழமையே கிடைச்சிட்டா."

"தெரியும். ஏட்டுல இருக்கு."

"மிச்ச எட்டும் உனக்காக வந்தேன்."

மழை கொஞ்சம் வலுத்தது. எங்கள் ஊர் மழைக்கு எப்போது வலுக்க வேண்டும் என்று தெரியும்... அவள் மெல்லத் திரும்பினாள். அந்தச் சாம்பல் நீலக் கண்களை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை.

"நூறு வருஷம் கழிச்சு யாராவது நம்மளைத் தேடிட்டு வருவாங்க" என்றான் அவன். "நாம ரெண்டு பேரும் தனித்தனிப் பக்கத்துல கிடைச்சா எனக்குப் பிடிக்கல. ஒரே வரியில இருக்கணும். கல்யாணப் பதிவேட்டுல... உனக்குச் சம்மதமா?"

அவள் குளிர்ந்த விரல்கள் அவன் கைக்குள் போயின.

"சம்மதம். ஆனா என் பேரை எழுதறப்போ ஃப்ளெட்டோட நிறுத்திடக் கூடாது. ஷேவின்னும் சேத்து எழுதச் சொல்லு."